நீலத் தண்ணீரில் மிதந்த என் ரத்தம்

மச்சான்,

இன்று காலை கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். முழங்கை மடிப்பில் வைத்து ஒட்டிய பஞ்சை வீட்டுக்கு வந்துதான் பிய்த்துப் போட்டேன். ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். செத்தும் என்னை நிம்மதியாகக் காப்பி குடிக்க விட உனக்கு மனசில்லை. சரி, உட்கார். பேசுவோம்.

சில வருடங்களுக்கு முந்தைய அந்தப் புரட்டாசி ஞாபகம் வந்தது. புக்கிட் ரோத்தான் கோயில் மண்டபத்தில் இரத்த தான முகாம். நாம் இருவரும் வருடம் தவறாமல் கொடுப்பவர்கள். நீ புண்ணியத்துக்கு என்பாய்; முகாமில் தரும் மைலோவுக்கும் பிஸ்கட்டுக்கும்தான் வருகிறாய் என்பது தோட்ட லயத்தில் ஒன்றாக வளர்ந்த எனக்குத் தெரியாதா? நர்ஸ் மிஸ்ஸி விரலில் குத்தி, ஒரு சொட்டை நீலத் தண்ணீர் இருந்த குப்பியில் விட்டார். உன் சொட்டு கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. என்னுடையது மேலேயே நின்று ஊசலாடியது. சத்துக் குறைந்த ரத்தம் கனமில்லாமல் மிதக்கும், இந்த முறை கொடுக்க வேண்டாம், ஒருமுறை டாக்டரைப் பாருங்கள் என்றார். மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

“ஒன் ரத்தத்தக் கொசு கூடத் திருப்பிக் குடுத்துரும் லா!”

என் பங்கு மைலோவையும் நீயே குடித்தாய். நான் கவலைப்படவில்லை. புரட்டாசி சைவம், கறியும் மீனும் தொட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. தீபாவளிக்கு நாலு துண்டு ஆட்டுக்கறி உள்ளே போனால் ரத்தம் தானாக ஊறிவிடும் என்று, நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். வீடு திரும்பும் வழியில் நீ மோட்டாரை மெதுவாக்கினாய்.

“நானும் ஒன்கூடத்தானே சைவம் இருந்தேன்? ஏன் என்னோடது மட்டும் முங்குச்சு?”

நீ விடவில்லை. கேஸ் தோங்கை, அந்த இரும்பு சிலிண்டரை, தோளில் வைத்து அடுக்குமாடிப் படி ஏறுவது என் பிழைப்பு. இரண்டாம் மாடியிலேயே நான் தோங்கை இறக்கிவைத்து மூச்சு வாங்குவதைப் பார்த்திருந்தாய். பால் விடாத தே ஓ ஐஸ் டீயைக் குடித்து முடித்ததும் மிச்ச ஐஸ் கட்டிகளை நான் கறுக்முறுக்கென்று கடிப்பதும் உனக்கு ஆகாது. அதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, என்னைத் தரதரவென்று கிளினிக்குக்கு இழுத்துப் போனாய்.

ரிப்போர்ட் வந்த அன்று, டாக்டர் கூப்பிடும்வரை பொறுக்க முடியாமல் நாமே வாசித்தோம். எச்.பி., எம்.சி.வி., எம்.சி.எச்., ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆங்கில ‘எல்’ எழுத்து. நீ என் முதுகில் தட்டினாய். “எல்லுன்னா லுலுஸ் தானடா? எல்லாப் பாடத்துலயும் பாஸ் ஆயிட்ட!” பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மாவுக்கு லுலுஸ் என்ற மலாய்ச் சொல் மட்டும் புரிந்து, எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

உள்ளே இருந்தது நம் பிள்ளைகள் வயதுப் பெண் டாக்டர். எல் என்றால் குறைவு என்று சொல்லிச் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார்.

“எச்பின்னா ரத்தத்துல காத்தச் சொமக்குற சத்து. அது கம்மின்னா ஒடம்புக்குக் காத்து பத்தல அங்கிள், அதான் மூச்சு வாங்குது. எம்சிவி, ஒங்க செவப்பணுவோட சைஸ். ரொம்பச் சின்னதா இருக்கு. எம்சிஎச், ஒவ்வொரு அணுக்குள்ளயும் எவ்ளோ எச்பி இருக்குன்னு காட்டும். அதுவும் கம்மி. இப்படிச் சின்னதா இருந்தா, அப்பா அம்மா வழியா வந்த தலசீமியாங்கிற ரத்தக் கோளாறா இருக்கலாம், இல்ல இரும்புச் சத்து கொறைஞ்சிருக்கலாம். இங்க பாருங்க, ஃபெரிட்டின். ஒடம்பு சேத்து வச்சிருக்கிற இரும்பு. ஒங்களுக்கு அடியில போயிருச்சு. அப்ப இது இரும்புக் கொறைதான்.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். கறி மீன் சாப்பிடுவீர்களா என்று அவர் கேட்டபோது, சைவம் டாக்டர் என்றேன். புரட்டாசிதானே, பொய்யில்லையே! நாற்காலி போதாமல் கதவோரம் நின்றிருந்த நீ பொங்கிவிட்டாய்.

“ஒரு மாசந்தான் டாக்டர் சைவம்! மத்த மாசமெல்லாம் இவன் திங்கிற ஆட்டுக்கு அளவே இல்ல. நானும் இவனும் ஒரே சாப்பாடு. என் ரத்தம் நல்லாருக்கு, இவனோடது எங்க போகுது?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கறி தின்கிற, ஐம்பது தாண்டிய ஆணுக்கு இரும்பு இப்படிக் குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியலாம், கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வெளியே வந்து, “ஒன்ன யாருடா பேசச் சொன்னா?” என்று கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. “திட்டு, ஆனா போயி பாத்துட்டு வந்து திட்டு” என்றாய்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள். பெருங்குடலில் ஒரு கட்டி. கெட்டதாக மாறத் தொடங்கியிருந்தது. வெட்டி எடுத்தார்கள், நல்ல நேரத்தில் வந்தீர்கள், இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கதை வேறு என்றார்கள். வார்டுக்கு வெளியே நீ பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் எம்.சி.வி. என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்ததாக என் மனைவி சொன்னாள். பாதி தப்பாகத்தான் சொல்லியிருப்பாய்.

அதன்பிறகு இரும்பு ஏற ஏற, ஐஸ் கடிக்கும் ஆசை போன இடம் தெரியவில்லை; அதுவும் அந்தக் குறையின் வேலைதானாம். வருடா வருடம் ரத்தம் பார்க்கிறேன். இன்று கையோடு கொடுத்த தாளில் ஒரு எல்கூட இல்லை. வீட்டில் ஆட்டுக்கறி கொதிக்கிறது, பேரன் தூங்குகிறான், நான் நன்றாக இருக்கிறேன் மச்சான். உண்மையாகவே நன்றாக இருக்கிறேன்.

போன ஆண்டு எண்ணெய் மில்லில் செம்பனைப் பழத்தை இறக்கிவிட்டு, நீ ஓட்டும் லோரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். யாரும் எதுவும் செய்வதற்குள் முடிந்துவிட்டது. நான் வெட்கம் பார்க்காமல் அழுதேன். உன் சவப்பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டபோது உன் தம்பி என்னைத் தடுத்தான். “நீங்க வேணாண்ணே, ஆபரேஷன் பண்ண ஒடம்பு.” அவன் கையை விலக்கிவிட்டுத் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றேன். தின்று வளர்ந்த உடம்பு உனக்கு. கனம் கொஞ்சமா நஞ்சமா? சந்து முனையில் நின்ற வண்டிவரை நான் தோள் மாற்றிக் கொடுக்கவில்லை. அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. மூச்சு மட்டும் வாங்கவே இல்லை, மச்சான்.