கால்மடிப்பில் இருந்த சிவப்பு மண்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும், அந்த வேண்டுதலுக்குள் என் கோபத்தை நான் நுழைய விடுவதில்லை. அக்கா மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, வருகிறவர் போகிறவரையெல்லாம் கடிக்கிறாள். நீ திருப்பி அனுப்பிய பேண்ட்டை இடுப்பில் பிரித்துத் தைத்துவிட்டேன். நீ கடைசியாக இங்கே வந்து மூன்று வருடமாகிறது, என்னிடம் இருந்தது பழைய அளவு, அதை வைத்துத் தைத்து அனுப்பினால் பிடிக்கத்தான் செய்யும்.

போன வாரம் அப்பாவோடு ஓய்வு பெற்ற டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து பஸ் பிடித்து, பாலைவனத்தில் இருக்கும் சிவப்புப் பாறைகளைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். வீட்டிலிருந்து ஆறே மணி நேரம். துணிக்கடையில் அடுக்கியதுபோல வரிவரியாக, ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரமாக நிற்கின்றன, குறை சொல்ல முடியாது. நெஞ்சில் ஆபரேஷன் ஆன மனுஷன் ஏறக்கூடாது என்று அப்பாவைக் கீழேயே உட்கார வைத்துவிட்டோம். அங்கே இருந்தபடியே ஒரு கல்லைப் பொறுக்கி, "பாவம், அவனுக்கு இதையெல்லாம் பாக்க எங்க நேரம், இதையாவது அனுப்பு" என்று என் கையில் கொடுத்தார். நானும் பாவம் என்றுதான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேலையை உதறினால் ஓரத்திலிருந்து சிவப்பாகக் கொட்டியது, வெயிலில் பொடிப்பொடியாக மினுங்கியது. உன் பேண்ட்டின் கால்மடிப்பைப் பிரித்தபோது கொட்டியதும் இதே மண், இதே மினுக்கம். அன்றைக்கு போனில் கேட்டதற்கு, "ஆபீஸ் பக்கத்துல கட்டடம் கட்றாங்கம்மா, அந்தத் தூசி" என்றாய். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்னால் அனுப்பிய புதுப் பேண்ட் அது, ஆபரேஷன் முடிந்த வாரமே உன் நண்பன் திரும்பக் கொண்டுவந்தான். அந்த மாதம் முழுக்க ஆபீசை விட்டு நகர முடியவில்லை என்று நீ சொன்னதை நாங்கள் நர்ஸ் வரைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டோம். அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நீ ஆறு மணி நேரத் தூரத்தில் ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். யார் கண்ணில் வேண்டுமானாலும் மண்ணைத் தூவு, தைக்கிறவள் கண்ணில் தூவாதே.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அந்த மண்ணைக் கொட்டவும் மனமில்லை, பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பேண்ட்டோடு கல்லும் வரும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டு உன் வாயாலேயே சொல்லிவிடு. கல் எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்பார். இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

இருவரும் நன்றாக இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இடுப்பில் இன்னும் ஓர் அங்குலம் தையலுக்குள் விட்டு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் துணி இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா