பத்தொன்பதாம் தேதி இரண்டாம் எண் லிப்டை ஓட்டாதிருக்கக் கோரி

அனுப்புநர்:
லிப்ட் இயக்குபவர் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
பொது மருத்துவமனை.
வீடு: மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிர்க் கட்டடம், இரண்டாம் மாடி.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மருத்துவமனைக் கட்டடப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: வரும் 19ஆம் தேதி வியாழக்கிழமை காலை இரண்டாம் எண் லிப்டில் தாங்களும் பிறரும் ஏறாதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. என் முந்தைய மனுக்கள் ஆறு (பதில் வரவில்லை).
2. தங்கள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (பதில் கேட்காமலே வந்தது).
3. லிப்ட் திறப்பு விழா அழைப்பிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது தங்களுக்கு நான் எழுதும் ஏழாவது மனு. முதல் ஆறும் லிப்டை ஓட வைக்கச் சொல்லி எழுதியவை. இது அதை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதுவது. ஆகவே இம்மனுவை நிறைவேற்றத் தங்கள் அலுவலகம் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. நான் இந்த உலகத்தைச் சேர்ந்தவன் அல்லன். வேறோர் உலகத்தின் படையில் சிப்பாய். பதினோரு ஆண்டுகளுக்கு முன் மனித உருவில் இங்கே இறக்கிவிடப்பட்டேன். ஊருக்கு இன்றியமையாத ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ந்து, உத்தரவு வரும்வரை காத்திருந்து, வந்ததும் அவ்விடத்தை முடக்க வேண்டும் என்பதே எனக்கு இடப்பட்ட பணி. இதற்குச் சான்று கேட்பீர்கள். என் பணிப்பதிவேட்டைப் பாருங்கள். பதினோரு ஆண்டுகளில் ஒருநாள்கூட நான் தாமதமாக வந்ததில்லை, ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. நான் மனிதன் அல்லன் என்பதற்குத் தங்கள் துறையில் இதைவிட வலுவான சான்று கிடைக்காது.

3. மருத்துவமனையில் இரண்டு லிப்டுகள் இருப்பது தாங்கள் அறிந்ததே, அறிந்திராவிட்டாலும் இரண்டு இருக்கின்றன. முதலாம் எண் லிப்ட் ஆறு ஆண்டுகளாகத் தரைத்தளத்தில் நின்றபடி உடைந்த நாற்காலிகளைக் காத்துவருகிறது. பதிவேட்டில் அது "நல்ல நிலையில் இயங்குகிறது". இரண்டாம் எண் லிப்ட்தான் நான்காம் மாடி அறுவை அரங்குக்கும் ஐந்தாம் மாடி டயாலிசிஸ் பிரிவுக்கும் போக, படிக்கட்டை விட்டால் ஒரே வழி. அதன் ஸ்டூலில் உட்கார்ந்துதான் என் உத்தரவுக்காகக் காத்திருந்தேன்.

4. சென்ற ஆண்டு முதல் உத்தரவு வந்தது. அது ஒத்திகை. ஒரு வியாழக்கிழமை முழுவதும் லிப்டை முடக்கிக் காட்ட வேண்டும். ஐயா, அன்று லிப்ட் நின்று நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. ரிலே என்னும் கட்டைவிரல் அளவு மின்பாகம் ஒன்று கருகிவிட்டது, அவ்வளவுதான். கோப்பு தங்கள் மேசையில் இருந்தது. முடக்குவதற்காகப் பல கோடி மைல் தாண்டி வந்த நான், முடக்குவதற்கு ஒன்றுமில்லாமல் வாசலில் நின்றேன். "உத்தரவு நிறைவேற்றப்பட்டது" என்று தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினேன். நாற்பத்தொரு நாளாக என்றும் சேர்த்துச் சொன்னேன். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நியாயப்படி அந்தச் சின்னம் தங்கள் சட்டையில் குத்தப்பட்டிருக்க வேண்டும்.

5. அதே வியாழக்கிழமை நடந்த இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. என் மாமியாருக்குச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். இதே மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்யும் பெண்ணை நான் மணந்தது வேடத்துக்காக. கையேட்டில் அப்படி ஓர் அறிவுரை இருந்தது. மாமியார் பற்றி அதில் ஒருவரியும் இல்லை. கையேட்டை எழுதியவர்களும் அலுவலகத்தை விட்டு வெளியே வராதவர்கள்தான் என்று அன்றே புரிந்துகொண்டேன். அந்த அம்மையார் குறை சொல்வதற்கென்றே பிறந்தவர். நான் துணி காயப்போடுவது குறை, கதவைச் சாத்துவது குறை, அதிகம் பேசாதது பெரிய குறை. அவரை முதுகில் சுமந்துகொண்டு ஐந்து மாடி ஏறினேன்.

6. முதல் மாடி திருப்பத்திலேயே, "மெதுவாப் போங்க மாப்ள, என்ன ரயிலா போயிடப் போகுது" என்றார். இரண்டாம் மாடியில் என் தோள் எலும்பு குத்துகிறது என்றார். மூன்றாம் மாடியில் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பின்னாலிருந்தபடியே என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "எறக்கி விடுங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றார். ஐயா, நான் படையில் பதினேழு ஆண்டு சுமை தூக்கியவன். சுமை, சுமப்பவனைப் பற்றிக் கவலைப்பட்டு அதற்கு முன் பார்த்ததில்லை. நான் இறக்கிவிடவில்லை. ஐந்தாம் மாடியில் கட்டிலில் படுக்க வைத்தபோது, ஊசி குத்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாயங்காலம் எறங்கணுமே மாப்ள, இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன். அன்று மாலை பதவி உயர்வுச் செய்தி வந்தபோது நான் அவரைச் சுமந்துகொண்டு நான்காம் மாடிப் படியில் நின்றிருந்தேன். அதைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

7. அதன்பின் தங்களுக்கு ஆறு மனுக்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேரில் வந்தபோது தங்கள் எழுத்தர், "அதெல்லாம் மேல பார்வைக்குப் போயிருக்கு" என்றார். மேலே போவதற்குத் தங்கள் அலுவலகத்தில் லிப்ட் நன்றாகவே ஓடுகிறது என்பதையும் கவனித்தேன். இதற்கிடையே எங்கள் மருத்துவமனையில் படிக்கட்டு வழியாக இறக்கப்பட்டவர்களில் இருவர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஒருவரின் தலைமாட்டைப் பிடித்திருந்தவன் நான். போர்க்களத்தில் எனக்கு எதிரே நின்றவர்களைக் கொன்றிருக்கிறேன். அதற்காவது ஒரு காரணம் எழுதிக் கொடுத்தார்கள். இதற்கு என்ன காரணம் என்று எழுதித் தருமாறு ஐந்தாவது மனுவில் கேட்டிருந்தேன்.

8. ஏழு மாதம் பொறுத்தபின், முதலாம் எண் லிப்டின் கன்ட்ரோல் பெட்டியிலிருந்து ரிலேயைக் கழற்றி இரண்டாம் எண்ணில் பொருத்தினேன். இருபது நிமிட வேலை. லிப்ட் ஓடியது. இன்றுவரை ஓடுகிறது. எதிரியின் இயந்திரத்தைச் செப்பனிட்ட சிப்பாய்க்கு எங்கள் படையில் என்ன தண்டனை என்பது எனக்குத் தெரியும். அதே குற்றத்துக்குத் தங்கள் துறையிலும் தண்டனை உண்டு என்பது குறிப்பாணை வந்தபோதுதான் தெரிந்தது. "நல்ல நிலையில் இயங்கும்" லிப்டைச் சேதப்படுத்தினேன், அனுமதியின்றிப் பழுது நீக்கினேன் என்று இரண்டு குற்றச்சாட்டுகள். இம்மாதம் 6ஆம் தேதி சாவியையும் அடையாள அட்டையையும் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பினார்கள். அதே வாரம் அழைப்பிதழ் வந்தது. "செயற்பொறியாளர் அவர்களின் அயராத முயற்சியால் மீண்டும் இயங்கும் லிப்ட்" என்று அதில் அச்சிட்டிருக்கிறது. என் குறிப்பாணையில் குற்றமாக இருப்பது அழைப்பிதழில் தங்கள் சாதனையாக இருக்கிறது. இரண்டிலும் தங்கள் கையெழுத்து ஒன்றுபோலவே அழகாக இருக்கிறது.

9. இனி முக்கியமான விஷயம். இரண்டாவது உத்தரவு 3ஆம் தேதி எனக்கு வந்தது. இது ஒத்திகை அல்ல. விழா நாளில், காலை பத்து இருபதுக்கு, தாங்கள் பொத்தானை அழுத்தி லிப்ட் ஐந்தாம் மாடியை எட்டும்போது பிரேக்கையும் பாதுகாப்புப் பிடியையும் விடுவித்து, உள்ளே இருப்பவர்களோடு அதைக் கீழே விழவிட வேண்டும். ஊர் நம்பும் ஓரிடம் ஊர் பார்க்க விழ வேண்டும் என்பது எங்கள் தளபதியின் எண்ணம். தங்கள் துறையைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

10. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். அந்த உத்தரவைப் படித்ததும் நான் உடனே மறுத்துவிடவில்லை. பதினேழு ஆண்டு அந்தப் படையின் உப்பைத் தின்றவன். என்னோடு பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. நான் பின்வாங்கினால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று யோசித்தேன். அது போக, லிப்டுக்குள் தாங்கள் இருப்பீர்கள் என்பதையும் யோசித்தேன். அதை ஏறத்தாழ அரைநாள் யோசித்தேன், மகிழ்ச்சியாகவே யோசித்தேன். படிக்கட்டில் போய்ச் சேர்ந்த இருவரும் அப்போது நினைவில் இருந்தார்கள்.

11. பிறகு வீட்டுக்குப் போனேன். மாமியார் கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். விழாவில் லிப்டில் முதலில் ஏறும் நோயாளியாக, தங்கள் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். தங்கள் அலுவலகத்தில் யாரோ பட்டியலைப் பார்த்து, அதிகமாகப் புகார் சொல்பவரின் வாயை அடைக்க இதுதான் வழி என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் தங்கள் அலுவலகத்தின் மூளையைப் பாராட்டுகிறேன். போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "மெமோ வந்த கடுப்புல பேசாதீங்க மாப்ள. பத்து வருஷமா என்னை யாரும் படம் எடுத்ததில்ல" என்றார். என் மனைவியிடம் முழு உண்மையையும் சொன்னேன். நான் யார், எங்கிருந்து வந்தேன், எல்லாம். அவள், "நீங்க ஒரு மாதிரின்னு கல்யாணத்தன்னைக்கே தெரியும். அதை அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல அம்மாவை நிறுத்துங்க" என்றாள். நிறுத்த முடியவில்லை. உலகங்களைப் பிடித்த படையால்கூட அந்த அம்மையாரை நிறுத்த முடியாது.

12. உத்தரவை நிறைவேற்ற மாட்டேன் என்று முடிவு செய்தேன். பதில் அனுப்பவில்லை. எங்கள் படையில் பதில் வராததும் ஒரு பதில்தான். 7ஆம் தேதி என் இடத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். காலிப் பணியிடத்தை நிரப்ப மூன்று ஆண்டு எடுத்துக்கொள்ளும் தங்கள் அலுவலகம் ஒரே நாளில் ஆள் போட்டது என்பதே சந்தேகத்துக்குப் போதும். ஆயினும் நேரில் போய்ப் பார்த்தேன். ஒருவரைச் சந்தித்தால் தலையை மூன்று முறை அசைக்க வேண்டும் என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. எண்ணித் தலையசைக்கும் மனிதரை நான் பதினோரு ஆண்டில் கண்டதில்லை. அவர் எனக்கு மூன்று முறை அசைத்தார். காவலாளிக்கு மூன்று முறை. நடைக்கூடத்தில் எடையைக் குரலில் சொல்லும் இயந்திரத்துக்கும் மூன்று முறை அசைத்தார். நானும் முதல் வாரம் அதற்கு வணக்கம் சொன்னவன்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு இன்னும் மாமியார் வாய்க்கவில்லை.

13. காவல் நிலையத்துக்கும் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "லிப்ட் சம்பந்தப்பட்டதுன்னா இன்ஜினியர்கிட்ட கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே வேறு போக்கிடமின்றித் தங்களிடமே வருகிறேன். இம்மனுவை நம்புமாறு நான் கேட்கவில்லை. நம்பிக்கை வைத்து எதையும் செய்யும் வழக்கம் தங்கள் அலுவலகத்தில் இல்லை. 19ஆம் தேதி லிப்ட் வாசலில் "பழுது" என்ற அட்டையை மாட்டினால் போதும். அந்த அட்டை தங்களிடம் தயாராக இருக்கிறது. பல மாதம் அதைத் துடைத்து வைத்தவன் நான். ரிப்பனைத் தரைத்தளத்திலேயே வெட்டிக்கொள்ளலாம், படத்தை வாசலிலேயே எடுத்துக்கொள்ளலாம். என் மாமியாரைப் படத்தின் நடுவில் வைக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் இடத்துக்கு வந்திருப்பவர் எங்கள் படை அனுப்பிய ஆள் என்பதால் அவரிடமிருந்து சாவியை அன்றே வாங்கிவிடவும். சாவி வாங்குவதில் தங்கள் ஊழியர்கள் கைதேர்ந்தவர்கள்.

14. அன்று லிப்ட் நின்றால் டயாலிசிஸுக்கு வருபவர்கள் என்ன செய்வார்கள் என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். ஏழு மாதமாகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பதினான்கு பேர். காலை ஏழு மணிக்கே படிக்கட்டின் அடியில் நிற்பேன். உள்ளே விட அடையாள அட்டை கேட்டால், நோயாளியின் மருமகன் என்று சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யில்லை. பதினான்கு பேரையும் ஏற்றுவேன். மேலே ஏதேனும் ஆய்வு செய்யத் தாங்கள் விரும்பினால் தங்களையும் ஏற்றுவேன். மூன்றாம் மாடியில் மட்டும் சற்று நின்று போவது என் வழக்கம். இதற்கு மதிப்பீடோ அனுமதியோ தேவையில்லை. மாலையில் அவர்களை இறக்கவும் இருப்பேன்.

15. எனவே, மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, ஏழில் ஒரு மனுவையாவது படித்து, 19ஆம் தேதி அந்த லிப்டை யாரும் தொடாமல் நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உயிருக்காக நான் கெஞ்ச வேண்டிய நிலை வந்ததில் எனக்கு வெட்கம்தான். இருந்தும் கெஞ்சுகிறேன்.

நாள்: 12ஆம் தேதி, வியாழன்.
இடம்: ஐந்தாம் மாடி, டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உள்ள பெஞ்ச்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
லிப்ட் இயக்குபவர்.

இணைப்பு:
1. தங்கள் குறிப்பாணையின் நகல்.
2. விழா அழைப்பிதழின் நகல்.
3. என் படைப் பதவிச் சின்னம் – ஒன்று. தங்களுக்கு உரியது என்பதால் திருப்பி அனுப்ப வேண்டாம்.

நகல்: என் தளபதி அவர்களுக்கு. 19ஆம் தேதி மாலை, கடைசி நோயாளி கீழே இறங்கியபின் அனுப்பப்படும். இதையே என் விலகல் கடிதமாக ஏற்றுக்கொள்ளவும். என்னைப் பிடிக்க வருபவர்கள் செவ்வாய், வியாழன், சனி தவிர்த்து வரவும்.