சுழி போடாத கடிதம்

பீடோர்,
11.5.1984

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் உன் கல்லூரி ஊரில் பஸ் சொன்ன நேரத்துக்கு வருகிறது, மாணவர் அட்டையைக் காட்டினால் காசு வாங்குவதில்லை, சனிக்கிழமையானால் ஊரே பந்தாட்டம் பார்க்கத் திரளுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பஸ் பற்றிய இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நம் ரப்பர் தோட்டத்துக்குள் இன்னும் பஸ் வருவதில்லை. பிப்ரவரியில் கோப்பெங்கில் பந்தாட்டம் என்று நம் பையன்கள் வழக்கம்போல் ரப்பர் பால் ஏற்றும் லாரியில்தான் போனார்கள். நம் வீட்டுச் சின்னவன் உட்காரமாட்டேன் என்று பின்னால் நின்றுகொண்டு போனான். வளைவில் லாரி கவிழ்ந்தது. மற்றவர்கள் எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். "அவனுக்குப் பரீட்சை முடியட்டும்லா. சுழி போட்டே எழுது" என்றார் அப்பா.

சாவுச் செய்திக்கு நாம் பிள்ளையார் சுழி போடுவதில்லை. அது இல்லாவிட்டால் முதல் வரி படிக்கும் முன்பே உனக்கு விளங்கிவிடும். அதனால் மூன்று கடிதங்களுக்குச் சுழி போட்டேன். சின்னவன் நலம் என்று எழுதினேன். நீ நம்ப வேண்டுமே என்று, உன் கல்லூரிப் பந்தாட்டச் சட்டை ஒன்று அவன் கேட்டதாகவும் எழுதிவிட்டேன்.

இப்போது நீ அவனுடைய அளவு கேட்டிருக்கிறாய்.

அப்பாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். சட்டை வாங்காதே. கடிதத்தின் உச்சியை இன்னொரு முறை பார்.

உன் அக்கா