நடுவில் முள், ஓரத்தில் வழுவழு

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, பசை இல்லை. நீங்கள் முதலில் கேட்கப்போவது அதுதான் என்று அந்தக் கல்துண்டை வெந்நீரில் ஊறவைத்தும் பார்த்துவிட்டேன். பிரியவில்லை. இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டவை அல்ல. ஒரே துண்டு.

அங்கே குளிர் குறைந்ததா? மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? இதையெல்லாம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் நம் ஆய்வுக்கூடத்தில் கல் அறுப்பவர் பாறையின் கீழடுக்குக் கல் ஒன்றைப் பிளந்தார். உள்ளே ஒரு சிப்பி. அதன்மேல் அறை அறையாகப் படர்ந்து, கல்லாகிப்போன நம் பாசிவிலங்குக் கூட்டம், உள்ளங்கை அகலத்துக்கு. இவ்வளவு பெரிய கூட்டத்தை நாம் பார்த்ததே இல்லை. சந்தோஷமாகத்தான் நுண்ணோக்கியில் வைத்தேன். ஓரத்து அறைகள் எல்லாம் வழுவழு, வாய் வட்டம். நூறு வருடத்துக்கு முன் யாரோ பெயர் வைத்த பழைய இனம். மெல்ல நடுவுக்கு நகர்த்தினேன். வாய் நீண்டது. இரண்டு பக்கமும் முள் இருந்த தடம்.

அது நீங்கள் பெயர் வைத்த இனம்.

எழுந்து சன்னலைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடினேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஓர் அறைக்குள் ஓர் உயிர், எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம் என்றால் அவருக்கு அது அடுக்குமாடி வீடு. “கீழ்வீட்டு ஜன்னல் ஒரு மாதிரி, மேல்வீட்டு ஜன்னல் ஒரு மாதிரி. கட்டினது ஒருத்தர்தானே?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

முதலில், நடுவில் முளைக்கும் அறைகளுக்கு முள் உண்டு. பிறகு வருபவற்றுக்கு இல்லை. அவ்வளவுதான். மேலடுக்கில் நமக்குக் கிடைத்தவை எல்லாம் நகத்தளவுதானே, அக்கா. பழைய இனம் அழிந்து, சின்னதாய் ஒரு புது இனம் வந்தது என்று எழுதினோம். அவை சின்ன இனம் இல்லை. வளர்வதற்குள் சேறு மூடிய, அதே பழைய இனத்தின் குட்டிகள்.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் எதையும் அடித்து எழுதிப் பழக்கமில்லை.

பெயர் வைக்கும் விதி உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றானால் முதலில் வைத்த பெயர் நிற்கும். உங்களுடையது பிந்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய மாதம் நீங்கள் வைத்த பெயர். பாப்பாவுக்கு வைக்க நினைத்திருந்தது. “எங்கயாவது ஓரிடத்துல அச்சுல இருக்கட்டும்டி” என்றீர்கள். அதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அது யார் பெயர் என்று கல் அறுப்பவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “நடுவுல ஊசியால ஒரு தட்டு தட்டினா ரெண்டு துண்டும்மா. யார் கேக்கப் போறா?” என்றார். ஊசியை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

எங்கே தட்டுவது என்று பார்த்தபோதுதான் அந்த வரிசை கண்ணில் பட்டது. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் சில அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முள். அவற்றை நான் எந்தப் பக்கம் சேர்ப்பேன்?

கட்டுரையை நான் தொடங்கவில்லை. எழுதினால் நீங்கள்தான் எழுத வேண்டும். பழைய பெயருக்குக் கீழே, அதே உயிருக்குப் பின்னால் வைத்த பெயராக, அந்தப் பெயரும் அச்சில் இருக்கும். இந்தப் பேரினத்தில் இனி வேறு எந்த உயிருக்கும் அதை யாரும் வைக்க முடியாது. அதுவும் விதிதான், அக்கா. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

கோபமென்றால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்
தங்கச்சி

பி.கு.: ஊசியை அவர் மேசையில் திருப்பி வைத்துவிட்டேன். துண்டைப் பஞ்சில் பொதிந்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். படம் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.