அக்கா திட்டும் திரை

மார்ச் 3, திங்கள்

இன்று மாலையும் தேநீரோடு திட்டு. என்னைத்தான், ஆனால் திட்டுகிறவருக்கே அது தெரியாது. திட்டுகிறவர் என் கணவரின் அக்கா, எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். வேலை கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில். போன வருஷம் அங்கே சேர்ந்த நாளிலிருந்து நோயாளிகளுக்கு டோக்கன் போடும் அந்தக் கணினித் திரையைக் கரித்துக்கொட்டுகிறார்.

"நோயாளி பேரைப் பாதி அடிச்சிருப்பேன், பக்கத்து மேசையில ஒரு டோக்கன் போடுவாங்க, உடனே மொத்தப் பக்கமும் அழிஞ்சு புதுசா வந்து நிக்கும். நான் அடிச்சதெல்லாம் போச்சு! எவன் எழுதினானோ, கையில எழுதினானா கால்ல எழுதினானா?"

கையில்தான். எட்டு வருஷத்துக்கு முன்பு, இதே இரண்டு கையில். என் கணவர் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பாவி மனுஷன்.

மார்ச் 5, புதன்

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மருத்துவமனை வேறு கம்பெனியைப் பார்க்கிறதாம். நமக்கு மூன்று வாரம், கடைசி வாய்ப்பு. "வரவேற்பு மேசைல ஒரு அம்மா இருக்காங்களாம். அவங்க சரின்னாத்தான் நம்மகிட்ட இருப்பாங்களாம். ரொம்பக் கறாரான ஆளாம்."

எனக்கா தெரியாது! அந்த ஒரு மருத்துவமனையை நம்பித்தான் என் நாற்காலியே இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

பக்கத்து இருக்கை மைனா — ஓயாமல் பேசுவதால் ஆபீஸ் வைத்த பெயர் — ஒரே போடாகப் போட்டாள்: "பழசுக்கு ஒட்டுப் போடாதீங்க. ரியாக்ட்ல புதுசாவே எழுதிடலாம்." இணையப் பக்கங்கள் கட்டுவதற்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி அது, ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு. நானும் பெயர் கேட்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் எதற்கு வம்பு என்று ஒதுங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

சந்தோஷமாக இருக்கிறது. சும்மா எழுதவில்லை, நிஜமாகவே.

திரையை முழுசாக எழுத வேண்டாம், துண்டு துண்டாக எழுதலாம். டோக்கன் பெட்டி ஒரு துண்டு, பெயர் எழுதும் கட்டம் ஒரு துண்டு. டோக்கன் பெட்டியை ஒருமுறை எழுதினேன். வரவேற்பு, மருந்தகம், டாக்டர் அறை, மூன்றுக்கும் அதுவே போதும். பழையதில் ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் எழுதி, இரண்டைத் திருத்தி, மூன்றாவதை மறந்து... வேண்டாம், அந்தக் கதை. சந்தேகம் வந்தால் தேட வேண்டியதுதான். எவரோ எங்கேயோ அதே கேள்வியைக் கேட்டு, எவரோ பொறுமையாகப் பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

நாள் முழுக்கப் பாழ். புது நோயாளியைப் பட்டியலில் சேர்க்கிறேன், சேருகிறது. திரை மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசைய மாட்டேன் என்கிறது. ஏன்? எனக்கு இதெல்லாம் ஆகாதோ? எட்டு வருஷமா ஒரே மாவை அரைச்சவளுக்கு எதுக்குடி இந்த ஆசை?

மார்ச் 14, வெள்ளி

மைனா ஒரு பார்வை பார்த்தாள், சிரித்துவிட்டாள். நான் பழைய பட்டியலுக்குள்ளேயே பெயரைச் செருகியிருக்கிறேன். "அதே பட்டியல்தானேன்னு ரியாக்ட் திரும்பியே பாக்காது. பிரதி எடுத்து, புதுப் பேரைச் சேர்த்துப் புதுப் பட்டியலாக் குடுங்க." கொடுத்தேன். திரையில் பெயர் வந்தது! ரியாக்ட் முந்தையதோடு ஒப்பிட்டு, எது மாறியதோ அதை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டுவிடுகிறது. பாதி எழுதிய பெயர் பாதியிலேயே பத்திரமாக நின்றது. இருபது டோக்கன் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாதிப் பெயர் அசையவில்லை. எழுந்து நின்று கைதட்டினேன். மேலாளர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டுமே.

மார்ச் 26, புதன்

நாளை மறுநாள் மருத்துவமனையில் சோதனை. மைனாவைத்தான் அனுப்புகிறேன். நான் போய் நின்றால் அக்கா தம்பி பெண்டாட்டிக்காகச் சரி என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு சரி எனக்கு வேண்டாம்.

மார்ச் 28, வெள்ளி

மைனா போனை எடுக்கவே இல்லை. மேலாளருக்கும் தகவல் வரவில்லை. அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்தரைக்கு அக்கா வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏய், புதுத் திரை வந்திருக்குடி! நான் பேர் அடிக்கிறேன், பக்கத்துல டோக்கன் மேல டோக்கனாப் போடறாங்க, என்னோடது அப்படியே நிக்குது! மூணு தடவை சரின்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் அக்கா" என்றேன்.

நம்பவில்லை. என் கணவர் தலையாட்டிய பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"பழசும் நான்தான்."

அக்கா என்னைத் தள்ளி நிறுத்திப் பார்த்தார். பிறகு என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"ஒரு வருஷமா வாய் ஓயாமத் திட்டினேனேடி! உனக்கு ஒண்ணும் ஆகலையே? காய்ச்சல், தலைவலி?"

"இல்லக்கா."

"அப்ப என் வாக்கு பலிக்கவே பலிக்காது போல" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 9, புதன்

மருத்துவமனை இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது. அக்கா இப்போதெல்லாம் நேராக எனக்கே போன் செய்கிறார். இன்று காலையிலேயே மூன்று தடவை. எழுத்தைப் பெரிதாக்கு, பொத்தானை இந்தப் பக்கம் தள்ளு. மூன்றாவதுதான் வேடிக்கை: "திரைக்கு அடியில உன் பேரைப் போடு. திட்டறதுக்கு ஆளைத் தேடிட்டிருக்க முடியாது."

டோக்கன் பெட்டி என்ற ஒரே ஒரு துண்டில் எழுதினேன். மூன்று இடத்துத் திரையிலும் என் பெயர் வந்தது.