பத்து நாள் படுக்கை

ஜூன் 3

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று மாலை ஐந்தரை மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தேன்: ஆஸ்பத்திரிக்கு ரப்பர் செருப்பை அல்ல, பழுப்புத் தோல் ஷூவையே எடுத்துச் செல்வது. இரண்டு தரப்பையும் முழுமையாகக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன். செருப்பின் தரப்பில் என் மனைவி பேசினாள். "காலையே அறுக்கப் போறாங்க, இவருக்கு ஷூ வேணுமாம். மைமுனா அப்பா, அங்க என்ன கல்யாணமா நடக்குது?" ஷூவின் தரப்பில் நான் மட்டும். ஆசிரியர் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் நூலகராக இருந்தவன் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வெளியே வரும்போது இரண்டு காலிலும் ஷூ இருக்க வேண்டும் என்பது என் வாதம். தீர்ப்பு எனக்குச் சாதகம். துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பையின் அடியில் வைத்தேன்.

மற்றபடி: இடது கால் சர்க்கரைப் புண் எலும்பு வரை போய்விட்டது. சுண்டுவிரலை எடுக்க வேண்டும்.

ஜூன் 5

டாங்கா நகரம். மலையிலிருந்து இறங்கியதும் உடம்பெல்லாம் வியர்வை. டாக்டர் க்வேகா சின்ன வயதுப் பெண், பெரிய கண்ணாடி. சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "அறுக்கறது நாப்பது நிமிஷம், அது என் வேலை. அப்புறம் பத்து நாள் கால் தரையில படாம கிடக்கறது உங்க வேலை. ரெண்டுல உங்க வேலைதான் கஷ்டம்."

"படுத்துக் கிடக்கறதா கஷ்டம்?"

"உங்க வீடு எங்க?"

சோனியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மோட்டார்சைக்கிளில் வாழைத்தோப்பு வரை போய், அங்கிருந்து இருபது நிமிடம் ஒற்றையடிப் பாதையில் சரிவு. கழிப்பறை வீட்டுக்குக் கீழே இன்னொரு சரிவில். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப பத்து நாளும் இங்கேதான். அதுக்குள்ள காலை ஊணினீங்கன்னா விரலோட நிக்காது."

இன்சூரன்ஸ் கம்பெனி முன்கூட்டியே சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறது: அறுவைக்குப் பின் தேறுவதற்குப் பத்து நாள் வரை படுக்கை. 'வரை' என்ற சொல்லை அப்போது நான் கவனிக்கவில்லை. முப்பத்திரண்டு பக்கப் பாலிசியை முழுதும் படித்த மனிதன் நான். இதைவிட மோசமான நடையில் எழுதப்பட்ட புத்தகங்களையும் படித்திருக்கிறேன். ஆனால் அவற்றை எழுதியவர்கள் யாரும் என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டதில்லை.

ஜூன் 6

விரல் போயிற்று.

ஜூன் 7

காலை பத்து மணிக்குப் போன். கம்பெனியின் நர்ஸ், பெயர் ஸக்கியா. தலைநகரத்திலிருந்து பேசுகிறாள். நோயாளியின் நிலையைத் தினமும் கேட்டறிவது இவள் பொறுப்பாம். குரலில் நல்ல வளர்ப்பு தெரிகிறது.

"ஷெக்கியோண்டோ ஐயா, வணக்கம். என்ன சேதி?"

"நல்ல சேதிம்மா."

"வீட்டுச் சேதி?"

"நல்ல சேதி."

"ராத்திரி தூக்கத்தோட சேதி?"

"நல்ல சேதிதான்மா, ஆனா–"

"ஆண்டவனுக்கு நன்றி. நாளைக்குப் பேசறேன் ஐயா."

பக்கத்துக் கட்டிலில் ஹோசா. முஹேசா ஊர்க்காரன், மோட்டார்சைக்கிள் வாடகைக்கு ஓட்டியவன். லாரி ஒன்று வலது காலை எடுத்துக்கொண்டது. குணமாகி இரண்டு வாரம் ஆகிறதாம். ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்டும்வரை வாசல் காவலாளி விடமாட்டான். இன்சூரன்ஸ் கிடையாது.

என் ஷூவைப் பார்த்துவிட்டான். "வாத்தியாரே, நீங்க போய்ச் சேந்துட்டா இடது ஷூவை எனக்கு எழுதி வச்சிருங்க. வலதை நீங்களே கொண்டு போங்க, எனக்கு அது வேண்டாம்." நான் வாத்தியார் இல்லை, நூலகர் என்றேன். புத்தகம் வைத்திருக்கிறவன் எல்லாம் வாத்தியார்தான் என்றான்.

ஜூன் 8

பத்து மணி. நல்ல சேதி, நல்ல சேதி, நல்ல சேதி. வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

காலைக் கஞ்சியில் ஒரு ஈ. ஈயும் புகார் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

ஜூன் 9

பிற்பகல் வார்டு எழுத்தர் ஒரு தாளோடு வந்தார். கம்பெனி அறிவிப்பு. "நோயாளி தம் நிலை நலம் எனத் தம் வாயாலேயே தொடர்ந்து மூன்று நாள் உறுதி செய்துள்ளார். நாளையும் அவ்வாறே எனில் படுக்கை அனுமதி முடிவுக்கு வரும்."

தம் வாயாலேயே! சீ. எங்கள் மக்களிடம் 'என்ன சேதி' என்று கேட்டால் 'நல்ல சேதி' என்பதுதான் பதில். வீடு எரிந்துகொண்டிருந்தாலும் முதலில் நல்ல சேதி, பிறகு 'ஆனால்', அதன் பிறகுதான் நெருப்பு. 'ஆனால்' வரும்வரை மனிதன் இன்னும் பேசவே தொடங்கவில்லை. இது ஸக்கியாவுக்குத் தெரியாதா? அவளும் இந்த மண்ணில் இப்படித்தானே வளர்ந்தாள்? ஆனால் அவள் முன்னால் இருக்கும் திரையில் மூன்றே கட்டங்கள்: நலம், சுமார், மோசம். 'ஆனால்' என்று ஒரு கட்டம் இல்லை. கட்டத்தை வரைந்தவன் எந்த ஊர்க்காரன், எந்தத் தாய் அவனுக்கு வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தாள், தெரியவில்லை.

டாக்டர் க்வேகா போனில் கத்தியது நடைபாதை வரை கேட்டது. திரும்பி வந்து சொன்னாள்: "டாக்டர் சொல்றது கருத்தாம், நோயாளி சொல்றதுதான் ஆதாரமாம். ஐயா, நாளைக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை இல்லாம பேசுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

மாலை முழுக்க ஒத்திகை. ஹோசா ஸக்கியாவாக நடித்தான். மெல்லிய குரல், கழுத்தைச் சாய்த்து.

"ஐயா, என்ன சேதி?"

"நல்–"

"வாத்தியாரே!"

"சரி, இன்னொரு தடவை."

"என்ன சேதி?"

"நல்–"

"சீக்கு உங்க கால்லதான்னு நெனச்சேன். இப்படி நாக்கு ஒரே வழியில ஓடினா அதையும் வெட்டணும் போலிருக்கு."

ஒன்பதாவது தடவை வந்தது. கெட்ட சேதி. ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக. சொன்னதும் உடம்பு கூசியது, எழுத்தர் முன்னால் துணி அவிழ்ந்து நின்ற மாதிரி.

ஜூன் 10

பத்து மணி.

"ஷெக்கியோண்டோ ஐயா, என்ன சேதி?"

"கெட்ட சேதி."

மறுபக்கம் ரொம்பத் தாழ்ந்த குரலில்: "அல்லாவே… ஐயா, யாரு போய்ட்டாங்க?"

"யாரும் போகலம்மா. என் கால்–"

"போலே ஐயா, போலே, மனசைத் தேத்திக்குங்க. இப்ப உங்களால பேச முடியாது. தெரியும். எங்க அப்பா போனப்ப நானும் இப்படித்தான், யாரும் போகல யாரும் போகலன்னு சொல்லிட்டே இருந்தேன்." அழுதாள். உண்மையாகவே அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். வேறென்ன செய்வது? பெற்றவரை இழந்த பெண். அவர் நல்ல இடத்தில் இருப்பார், பொறுமையாக இரு என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஹோசா போர்வையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினான்.

மாலை மனைவியின் போன்.

"மைமுனா அப்பா, யாரு செத்தது?"

"ஏன்?"

"கல்லூரிக்குக் கம்பெனியில இருந்து சேதி வந்துச்சாம், நம்ம வீட்டுல துக்கம்னு. முப்பது பேர் பாயில உக்காந்திருக்காங்க. கல்லூரி முதல்வர் ஒரு மூட்டை மாவு கொண்டாந்திருக்கார். யாருக்காக அழறதுன்னு எங்கிட்டயே கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"யாரும் சாகலன்னு சொல்லு."

"சொன்னேன். பாவம், அதிர்ச்சியில இருக்காளேன்னு இன்னும் நாலு பேர் வந்துட்டாங்க."

ஜூன் 11

கடிதம். மேலே ஒரு வெள்ளை லில்லிப் பூ, பூவுக்குக் கீழே என் பாலிசி எண். "தங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். இறுதிச் சடங்கில் தாங்கள் தடையின்றிக் கலந்துகொள்ள ஏதுவாக, தங்கள் படுக்கை அனுமதி கருணை அடிப்படையில் இன்றோடு முடிக்கப்படுகிறது."

கருணை அடிப்படையில்! மூன்று முறை படித்தேன். தவறு ஒன்றும் இல்லை. ஒற்றுப்பிழைகூட இல்லை.

நானே கூப்பிட்டேன். வேறொருவன் எடுத்தான். பதிவை மாற்றலாம், அதற்கு வழி இருக்கிறதாம்: குடும்பத்தில் யாரும் இறக்கவில்லை என்று உள்ளூர் அதிகாரியின் சான்று, முத்திரையோடு. ஏழு வேலை நாளில் பரிசீலிப்பார்கள். அதுவரை?

"அதுவரை நீங்க துக்கத்துல இருக்கீங்க சார்."

மனைவி அதிகாரியிடம் ஓடினாள். அவர் சொன்னாராம்: "செத்தவங்களுக்குத் தர என்கிட்ட படிவம் இருக்கு. சாகாதவங்களுக்குத் தர ஆரம்பிச்சா ஊர் முழுக்க வரிசையில நிக்குமேம்மா." கடைசியில் வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார்.

சொந்தக் காசில் இருந்துவிடலாமா என்று எழுத்தரைக் கேட்டேன். அவர் கண்ணாலேயே ஹோசாவைக் காட்டினார்.

ஜூன் 12

வெளியேற்றம். இருக்க வேண்டியவனை அனுப்புகிறார்கள், போக வேண்டியவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வாசல், ஒரே காவலாளி. ஹோசா ஊன்றுகோலில் வாசல் வரை வந்து, "இடம் மாத்திக்கலாமா வாத்தியாரே?" என்று கேட்டான். காவலாளிகூடச் சிரித்தான்.

வலது காலில் ஷூ. இடது காலில் கட்டு. இடது ஷூ பையில்.

வாழைத்தோப்பிலிருந்து வீடு வரை கல்லூரிக்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள், அப்படியே எனக்கும் உதவினார்கள்.

ஜூன் 15

கட்டு மாற்றத் தினமும் சோனி மருந்தகத்துக்குப் போக வேண்டும். இரண்டு நாள் நாற்காலி வந்தது. இன்று வரவில்லை. அவர்களுக்கும் வகுப்பு, வயல் எல்லாம் இருக்கிறது. குச்சியை ஊன்றி ஏறினேன்.

நாளெல்லாம் விசாரிக்க வருகிறவர்கள். என் பெரியப்பா மகன் வந்தார், எண்பது வயது. படுத்தபடியே வணக்கம் சொல்ல முடியுமா? எழுந்து நின்றேன். இமாம் வந்தார். எழுந்து நின்றேன். "உக்காருங்க, உக்காருங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். எழுந்து நின்ற பிறகு.

மனைவி கட்டைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "உங்க மரியாதையைக் கொண்டுபோய்க் கழிப்பறையில போடுங்க!" கம்பெனியைப் பற்றி இத்தனை பக்கம் எழுதினேன். என்னைப் பற்றி இந்த ஒரு பத்தி போதும். அருவருப்பு இரண்டுக்கும் பொது.

ஜூன் 17

நாற்றம்.

ஜூன் 18

என்ன சேதி என்று மைமுனா போனில் கேட்டாள். நல்ல சேதி என்றேன். என் சொந்த மகளிடம்! ஏன் சொன்னேன்? 'ஆனால்' என்று சேர்ப்பதற்குள் அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குத் தெரியும். என் மகள் இல்லையா? அவளிடம் கட்டங்கள் இல்லை.

ஜூன் 19

காய்ச்சல். ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுபடி டாங்கா. மறுபடி அதே வார்டு. ஹோசாவின் பக்கத்துக் கட்டில் காலியாகவே இருந்தது. ஏழு நாளும் காலியாகவே இருந்ததாம்.

டாக்டர் க்வேகா கட்டைப் பிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 21

மனைவி எழுதுகிறேன். எழுதச் சொன்னார். இன்னைக்குக் காலையில அறுத்தாங்க. முழங்காலுக்குக் கீழ. தூங்கறார்.

ஜூன் 24

கம்பெனியிலிருந்து இரண்டு அறிவிப்புகள், ஒரே உறையில்.

ஒன்று: சான்று ஏற்கப்பட்டது. குடும்பத்தில் யாரும் இறக்கவில்லை. மீதிப் படுக்கை நாட்கள் எனக்குத் திருப்பித் தரப்படுகின்றன. ஜூன் 16-ஆம் தேதிக்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு: கால் நீக்கத்துக்கு இருபத்தொரு நாள் படுக்கை. அட்டவணைப்படி. இதற்குத் தினசரி விசாரிப்பு தேவையில்லை.

உறையைப் பிரித்து, பின்பக்கம் எழுதலாமா என்று பார்த்தேன். பின்பக்கத்திலும் லில்லிப் பூ.

ஜூன் 27

ஸக்கியா போன் செய்தாள். வேலை நேரத்தில் அல்ல, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தன் சொந்த எண்ணிலிருந்து. அன்று தப்பாக எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டுமாம்.

"ஐயா, இப்ப… என்ன சேதி?"

என்ன சொல்வது?

"நல்ல சேதிம்மா," என்றேன்.

அவள் வைக்கவில்லை. 'ஆனால்' வருமென்று காத்திருந்தாள். நன்றாக வளர்க்கப்பட்ட பெண். நான்தான் சொல்லவில்லை.

ஜூலை 2

ஹோசாவின் அண்ணன்கள் மூன்று பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டார்கள். நாளைக் காலை போகிறான். ஆரஞ்சு அனுப்புவானாம், முஹேசா ஆரஞ்சு மாதிரி உலகத்தில் கிடையாதாம்.

இடது ஷூவை அவனிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான். விரல் பக்கம் கொஞ்சம் இறுக்கம், மற்றபடி சரியாக இருக்கிறது.