கடிகாரம் கட்டாமல் ஓடிய ஞாயிறு

கிழக்குத் தாம்பரம்,
30-1-1989

அன்புத் தம்பி சம்பந்தத்துக்கு, அக்கா கங்கையம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கே உன் மாமா நலம், நானும் நலம். போன வருஷம் இதே சமயத்தில் இந்த வரியை எழுத முடியாமல் வேறு என்னென்னவோ எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு கடிதமும் போடவில்லை. என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிடுவாயோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். பிரித்துவிட்டாய் என்றால் தயவுசெய்து கடைசி வரை படி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை உன் மாமா மறுபடியும் மாரத்தான் ஓடினார். பதறாதே. முழுவதும் ஓடி முடித்தார், தன் காலாலேயே வீட்டுக்கு நடந்து வந்தார், மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து, கால் பெருவிரல் நகம் கறுத்துப்போனதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன வருஷம் ஓட்டத்தின் நடுவே ஊரப்பாக்கத்தில் மயங்கி விழுந்த பிறகு எல்லாப் பரிசோதனையும் ஆயிற்று. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, ஓடலாம், ஆனால் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு நிபந்தனை போட்டேன். கையில் கடிகாரமே கூடாது. நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய வாட்சைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மின்சார ரயிலில் கார்டு வேலை பார்க்கிறவரிடம் இப்படிச் சொல்வது பூசாரியிடம் மணி அடிக்காதே என்பது போலத்தான். வண்டி ஒரு நிமிஷம் தாமதமானாலும் எந்த ஸ்டேஷனில், எதனால் என்று பதினெட்டு வருஷமாக எழுதிக் கொடுக்கிறவர். பசிக்கிறதா என்று கேட்டால்கூட மணியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

நிமிஷம் தெரியாமல் எப்படி ஓடுவது என்று கேட்டார். மூச்சு வாங்கினால் மெதுவாக ஓடுங்கள், வாங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுங்கள், இதற்கு எதற்கு ஜப்பான்காரன் மிஷின் என்றேன். நான்கு மாதம் அப்படியே பழகினார். பேசிக்கொண்டே ஓட முடிந்தால் சரியான வேகம் என்று அவராகவே ஒன்றைக் கண்டுபிடித்தார். பேசத் துணை யாரும் இல்லையே. அதனால் பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே சேலையூர் பக்கம் ஓடுவார். கார்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தில் புறப்பட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே சிங்கப்பெருமாள் கோயில் போய்த் திரும்ப வேண்டும். அறுபது பேர் இருப்பார்கள். புறப்படுவதற்கு முன் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பார்த்தேன், நிக்கர் பாக்கெட்டையும் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பஸ் பிடித்து ஊரப்பாக்கத்துக்குப் போய், போன வருஷம் அவர் விழுந்த அதே டீக்கடை வாசலில் உட்கார்ந்தேன். தேர்தல் முடிந்து ஒரு வாரமாகியும் அவிழ்க்காத தோரணங்கள் தலைக்கு மேலே படபடத்துக்கொண்டிருந்தன. மடியில் ஃபிளாஸ்க், குளுக்கோஸ் பாக்கெட், ஒரு துண்டு. அவருக்கு இல்லாத கடிகாரம் எனக்கு எதற்கு என்ற வீம்பில் நானும் கட்டிக்கொண்டு போகவில்லை. அதனால் டீக்கடைக்காரரைத்தான் மணி கேட்டுக்கொண்டே இருந்தேன். போன வருஷம் விழுந்தது ஏழு நாற்பதுக்கு. அந்த நேரம் தாண்டியது. எட்டு என்றார், எட்டேகால் என்றார். எட்டரைக்குக் கேட்டபோது, "இன்னாம்மா, பஸ் கம்பெனியா வச்சினுகீறே?" என்று சலித்துக்கொண்டார்.

அதற்குள் நாற்பது பேர் திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்து வந்தது ஒரு வேன். உள்ளே யாரோ படுத்திருந்தது தெரிந்தது. செருப்பை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓடினேன். டிரைவர் நிறுத்திக் காட்டினார். கால் சுளுக்கிய ஒரு வாத்தியார். ஐயோ பாவம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, உன் மாமா இல்லை என்பதே போதும் என்றிருந்தது. சாமி என்னை மன்னிக்கட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து உன் மாமா வந்தார். தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். போன வருஷமும் விழுவதற்கு முன் ஏதோ உளறிக்கொண்டு வந்தாராம். கையைப் பிடித்து நிறுத்தி, நான் யார் என்று கேட்டேன். கங்கா, முதலில் தண்ணி கொடு, சொல்கிறேன் என்றார்.

விஷயம் இதுதான். நான் அவர் கையைத்தான் சோதித்தேன். ரோட்டுக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் போகிறதை மறந்துவிட்டேன். போகும்போது காட்டாங்குளத்தூரில் தெற்கேயிருந்து வரும் இரவு வண்டி அவரைத் தாண்டியிருக்கிறது. அந்த வண்டி அங்கே வந்தால் மணி ஆறு பத்து. அது அவர் ரத்தத்தில் ஊறியது. போன வருஷம் அதே இடத்தில் வாட்ச் காட்டியதும் ஆறு பத்துதான். அப்படியானால் அதே பேய்வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம், இன்றைக்கும் ஊரப்பாக்கத்தில் விழப்போகிறோம் என்று நினைத்துவிட்டாராம். மூச்சு வாங்கவில்லை. ஸ்டேஷன் பெயர்கள் தடங்கல் இல்லாமல் வாயில் வந்தன. ஆனாலும் மூச்சு ஏமாற்றுகிறது, ரயில் ஏமாற்றாது என்று முடிவு செய்து, அங்கிருந்து பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போயிருக்கிறார்.

நம் பக்கத்தில் யாராவது ரயிலை நம்பி அடுப்பில் உலை வைப்பார்களா? தாமதத்தை எழுதிக் கொடுத்தே சம்பளம் வாங்குகிற மனிதர் நம்பியிருக்கிறார்.

திரும்பி வரும்போது கூடுவாஞ்சேரி ரயில்வே கேட்டில் முனிரத்தினம் பார்த்திருக்கிறார். அவர் அங்கே கேட் கீப்பர், இவரை நன்றாகத் தெரிந்தவர். "இன்னா கார்டு சார், நடந்துகினு வர்றீங்க, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டிருக்கிறார். இவர் காட்டாங்குளத்தூரில் வண்டியைப் பார்த்த கதையைச் சொல்ல, "அது இன்னிக்குப் பன்னெண்டு நிமிசம் லேட்டு சார், கேட்டை மூடி வச்சிகினு பஸ்காரன்கிட்ட நான்ல திட்டு வாங்கினேன்" என்றாராம். உன் மாமா அந்தக் கேட்டையே பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். அப்படியானால் அவர் காட்டாங்குளத்தூர் போனது ஆறு இருபத்திரண்டுக்கு; மூச்சு சொன்னதுதான் சரி. வண்டிதான் தப்பு.

கேட்டதும் நடுரோட்டில் அவர் தோளில் ஓர் அடி வைத்தேன். இனிமேல் வண்டிச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் பஸ் ஏறினேன். வண்டலூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். வாய் அசைந்துகொண்டே இருந்தது, முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. பதினாறு வருஷத்தில் அவசரமே இல்லாமல் அவரை நான் பார்த்தது நேற்றுத்தான். ரொம்ப நாள் கழித்து நெஞ்சு முழுக்க மூச்சு விட்டேன், சம்பந்தம்.

தாம்பரத்தில் மைக்கில் துரைராஜ் என்று அவர் பெயரைச் சொன்னார்கள். கடைசிக்கு ஏழெட்டுப் பேருக்கு முன்னால் வந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதிக் காட்ட வந்தவரிடம், வேண்டாம் சார் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இதற்கு மேல் எழுதப்போவதுதான் உனக்கு. மைதானத்தில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சந்தோஷத்தில், நான் கேட்காமலேயே, ஒன்று சொன்னார். போன வருஷம் ஓட்டத்துக்கு முன்னால் இரண்டு நாளாக அவருக்கு ஜுரமாம். சொன்னால் நான் விடமாட்டேன் என்று மறைத்து, மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினாராம். விழுந்ததற்கு உன் வாட்ச் காரணமே இல்லை. அது வெறுமனே கையில் இருந்தது.

நான் மோரைக் கீழே வைத்துவிட்டேன். "உன் வாட்ச் என் தாலியை அறுக்கப் பார்த்தது, இனி எனக்கு எதுவும் அனுப்பாதே, எழுதாதே" என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்த் தபாலில் போட்டது இவர்தான். என்ன எழுதியிருக்கிறேன் என்றும் அவருக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல வெட்கம், நாள் ஆக ஆகச் சொல்லவே வாய் வரவில்லை என்றார். அவருக்கு முன்னால் எழுந்து வீட்டுக்கு நடந்தேன். ஆனால் வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அவர் மறைத்தது ஜுரத்தை. உன்னை அப்படிப் பேசியது நான். கையெழுத்து என்னுடையது. நீ ஆசையாக வாங்கி அனுப்பினாய். உன்னைக் கொலைகாரனாக்கிவிட்டேன். என்னை மன்னித்துவிடு, தம்பி.

மன்னிப்புக் கேட்டு அவரும் எழுத வேண்டும் என்று இந்தத் தாளின் கீழே இடம் விட்டுக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். "மச்சான், தப்பு என்மேலதான்" என்பதற்கு மேல் வரவில்லை. அதை அப்படியே அனுப்புகிறேன்.

நீ அம்மாவுக்கு மாதம் தவறாமல் எழுதுகிறாய். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பல்லாவரம் போய் நான்தான் படித்துக் காட்டுகிறேன், இது உனக்கும் தெரியும். முட்டிவலிக்கு என்ன மருந்து, மழை பெய்ததா, பசு கன்று போட்டதா என்று எல்லாம் கேட்டிருப்பாய். அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இருக்காது. அம்மா ஒவ்வொரு தடவையும், உன்னைக் கேட்டிருக்கானா என்பாள். கேட்டிருக்கான் அம்மா என்று, இல்லாத வரியை ஒரு வருஷமாக நானே சேர்த்துப் படிக்கிறேன். இந்த மாதமாவது அந்த வரியை நீயே எழுது, கண்ணா. உனக்கு ஒரு குறையும் வராது.

உன் அக்கா,
து. கங்கையம்மாள்